பட்டறைப் பதில்கள்: கேம் டிகிரி பார்ப்பது எப்படி?

போன இதழில், கேம் ஷாஃப்ட் மாற்றினாலோ ஹெட்டை ஃபேஸ் செய்தாலோ டிகிரி பார்க்காமல் இன்ஜினை மூடாதீர்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் அதிகக் கேள்விகள் வந்திருக்கின்றன. அதனால் வேறு எதையும் எடுக்காமல் இந்த இதழ் முழுக்க அதையே பேசிவிடலாம். புதிதாக வருகிறவர்களுக்கு: வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு கேம் ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டு கிராங்க். கிராங்க் எந்தக் கோணத்தில் நிற்கும்போது வால்வு திறந்து மூடுகிறது என்று அளந்து பார்ப்பதுதான் டிகிரி பார்ப்பது. ஹெட்டை ஃபேஸ் செய்வது என்றால் அதன் அடி முகத்தைச் சீவி மட்டமாக்குவது.

கேள்வி: அண்ணா, மாருதி எஸ்டீம் இன்ஜின் ஒன்றை ராலிக்காகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கேம் மறு அரைப்பு செய்தது, ஹெட்டும் ஃபேஸ் செய்தாகிவிட்டது. புள்ளிக்குப் புள்ளி சேர்த்து பெல்ட் மாட்டிவிட்டேன். கம்பெனியே குறி போட்டுக் கொடுத்திருக்கும்போது தனியாக டிகிரி எதற்கு? – ஈரோடு வாசகர்

தம்பி, கம்பெனி போட்ட குறி கம்பெனி கொடுத்த பாகங்களுக்குத்தான் பொருந்தும். நீங்கள் இரண்டு விஷயத்தை மாற்றிவிட்டீர்கள், ஹெட்டின் உயரத்தை ஒன்று, கேமை இன்னொன்று. அதற்குப் பிறகும் அந்தப் புள்ளி உண்மை சொல்லும் என்று எப்படி நம்புவது?

முதலில் ஹெட். 0.8 மி.மீ. எடுத்தால் கேம் ஷாஃப்ட் அத்தனை தூரம் கிராங்குக்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. பெல்ட்டின் நீளம் மாறவில்லை, மிச்சமாகும் தளர்வை டென்ஷனர் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. கிராங்க் இழுக்கிற இறுக்கப் பக்கம் குறுகுவதால் கேம் கொஞ்சம் பின்னால் சுழன்று நிற்கும், அதாவது ரிடார்ட் ஆகும். கேம் வீலின் சுற்றளவு 320 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 0.8 மி.மீ. என்பது கேமில் 0.9 டிகிரி. கேம் ஒரு சுற்று சுற்ற கிராங்க் இரண்டு சுற்று சுற்றுகிறது, ஆகவே கிராங்க் கணக்கில் அது 1.8 டிகிரி. இவ்வளவு நகர்ந்தாலும் புள்ளி தள்ளி நிற்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரு பல்லின் கால் பாகம் கூட நகர்ந்திருக்காதே.

அப்புறம் கேம். மறு அரைப்பில், வால்வைத் தள்ளுகிற மேடான லோப்பைப் புதிதாக வடிக்கும்போது, கேம் வீலை இடத்தில் நிறுத்தும் சாவிக்கோ டவல் பின்னுக்கோ அந்த லோப் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது அரைக்கிறவர் கேமை மெஷினில் எப்படி நிறுத்தினார் என்பதைப் பொறுத்தது. நல்ல கைக்காரர் ஒரு டிகிரிக்குள் நிறுத்துவார், எல்லோரும் அப்படி இல்லை. ஒருமுறை என்னிடம் வந்த எஸ்டீம் ஹெட்டில் இந்த இரண்டும் சேர்ந்து இருந்தன. கேமோடு வந்த அட்டையில் இன்லெட் மையம், அதாவது பிஸ்டன் உச்சியைத் தாண்டி கிராங்க் எத்தனை டிகிரி சுற்றியதும் இன்லெட் வால்வு முழுசாகத் திறக்கும் என்பது, 109 டிகிரி என்று இருந்தது. புள்ளிகள் கச்சிதமாக எதிரெதிரே நின்றன, கிராங்கில் டிகிரி சக்கரம் (டிகிரி குறித்த வட்டத் தகடு) வைத்துப் பார்த்தால் 113. நாலு டிகிரி பின்னால். இரண்டு டிகிரி ஹெட் எடுத்ததால், மீதி இரண்டு அரைத்த இடத்தில். அப்படியே மூடியிருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஐடிலும் நிற்கும், மேலே போனால் ஓரளவு இழுக்கவும் செய்யும். ஆனால் கீழே, ராலியில் ஒவ்வொரு கொண்டை ஊசியிலிருந்தும் வெளியே வருகிற 2500, 3000 ஆர்பிஎம்மில், செத்துக் கிடக்கும். ஓட்டுகிறவர் கார்புரேட்டரையும் இக்னிஷனையும் நோண்டிக்கொண்டே ஒரு சீசனைக் கழித்திருப்பார். அதுதான் எனக்குத் தாங்காது. ஒரு மத்தியானம் உட்கார்ந்து அளந்தால் தெரிந்துவிடும் விஷயம் இது.

கேள்வி: டிகிரி பார்க்க என்னென்ன சாமான் வேண்டும்? கடையில் கிட் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. – சேலம் வாசகர்

விலை கொடுத்து வாங்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், நுணுக்கமான நகர்வை முள்ளில் காட்டும் நல்ல டயல் கேஜ். 10 மி.மீ. ஓடுகிறதைவிட 25 மி.மீ. ஓடுகிறது வேண்டும், இல்லாவிட்டால் வால்வு முழுசாக இறங்குவதற்குள் கேஜ் முட்டிக்கொள்ளும். அதோடு ஆடாத மேக்னட் ஸ்டாண்ட். ஹெட் அலுமினியம் என்றால் மேக்னட் ஒட்டாது, ஒரு இரும்புப் பட்டையை ஹெட்டின் போல்ட் துளை ஏதாவது ஒன்றில் முடுக்கி அதன் மேல் ஸ்டாண்டை வையுங்கள்.

மீதியெல்லாம் செய்துகொள்ளலாம். டிகிரி சக்கரத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து பிரிண்ட் எடுத்து அலுமினியத் தகட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். பெரிதாக இருக்கட்டும். 250 மி.மீ. விட்டம் இருந்தால் ஒரு டிகிரிக்கு 2.2 மி.மீ. இடம் கிடைக்கும், அரை டிகிரியைக் கண்ணாலேயே படிக்கலாம். பழைய சிடி அளவில் செய்தால் ஒரு டிகிரி ஒரு மி.மீ.தான், படிக்கும்போதே தப்பு வரும். பிரிண்ட் எடுத்ததும் குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை ஸ்கேல் வைத்துப் பாருங்கள், சில பிரிண்டர் வட்டத்தை முட்டையாக்கிவிடும். நடு ஓட்டையும் சரியாக நடுவில் இருக்க வேண்டும். 250 மி.மீ. சக்கரத்தில் மையம் ஒரு மி.மீ. விலகினால் சில இடங்களில் கிட்டத்தட்ட அரை டிகிரி பொய் சொல்லும்.

முள்ளுக்கு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி போதும். முனையை அரத்தில் கூராக்கி, பிளாக்கில் ஒரு போல்ட்டுக்கு அடியில் கொடுத்து இறுக்கி, சக்கரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற மாதிரி வளையுங்கள். தள்ளி நின்றால் நீங்கள் தலையை ஆட்டும்போதெல்லாம் அளவு மாறும்.

பிஸ்டனை உச்சிக்கு முன்பே தடுத்து நிறுத்தும் பிஸ்டன் ஸ்டாப்புக்குப் பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றை எடுத்து பீங்கானை உடைத்துத் தள்ளிவிட்டு, உள்ளே மரை வெட்டி ஒரு நீள போல்ட்டை ஏற்றி நட் போட்டுப் பூட்டுங்கள். போல்ட் முனையை நன்றாக உருட்டித் தேயுங்கள், பிஸ்டன் தலையில் குத்தக் கூடாது.

கேள்வி: புல்லியில் டிடிசி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) குறி இருக்கிறதே, அதில் சக்கரத்தை ஜீரோ வைத்தால் போதாதா? இல்லை, ஸ்க்ரூ டிரைவரை பிளக் ஓட்டையில் விட்டு பிஸ்டன் மேலே வந்து நிற்கும் இடத்தைப் பார்த்தால் போதாதா? – திருப்பூர் வாசகர்

இரண்டும் போதாது. டிகிரி பார்க்கும் வேலையில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஏறுவதை நிறுத்தி இறங்கத் தொடங்கும் இடத்தில் கிராங்க் சில டிகிரி சுற்றும், பிஸ்டன் நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரி இருக்கும். எஸ்டீம் இன்ஜினில் ஸ்ட்ரோக் 75.5 மி.மீ. இதில் உச்சியிலிருந்து கிராங்க் ஒரு டிகிரி விலகினால் பிஸ்டன் இறங்குவது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. இரண்டு டிகிரி விலகினால் 0.03 மி.மீ. அதை ஸ்க்ரூ டிரைவரில் கையால் உணர முடியுமா? டயல் கேஜை பிஸ்டன் மேலேயே வைத்தாலும் முள் அசையாமல் நிற்கிற இடத்தில் எது நடு என்று சொல்ல முடியாது. புல்லிக் குறியைப் பற்றி என்றால், நடுவில் ரப்பர் வைத்த புல்லிகளில் வெளி வளையம் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி நகர்ந்திருக்கும். நான் பார்த்த ஒன்றில் குறி 7 டிகிரி தள்ளிப் போயிருந்தது.

அதனால் உச்சியில் தேடாதீர்கள். உச்சிக்கு இரண்டு பக்கமும், பிஸ்டன் வேகமாக நகர்கிற இடத்தில் தேடுங்கள். எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு, பிஸ்டன் உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கும்போது ஸ்டாப்பை மாட்டுங்கள். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் ஸ்டாப்பில் முட்டி நிற்கும். அங்கே முள் காட்டும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், 32 என்று வைப்போம். இப்போது எதிர்த் திசையில் கிட்டத்தட்ட முழுச் சுற்று சுற்றி மறுபக்கம் முட்ட விடுங்கள், அங்கே 28. இரண்டையும் கூட்டினால் 60, பாதி 30. இரண்டு பக்கமும் 30 வர வேண்டும், ஆக சக்கரத்தையோ முள்ளையோ இரண்டு டிகிரி நகர்த்த வேண்டும். நகர்த்தி இறுக்கிவிட்டு திரும்ப இரண்டு பக்கமும் முட்டவிட்டுப் பாருங்கள். 30, 30 வந்தால்தான் அந்த ஜீரோ உண்மையான டிடிசி. இதை நான் எப்போதும் மூன்று முறை செய்வேன், மூன்றும் ஒத்துப்போகாமல் அடுத்த வேலைக்குப் போக மாட்டேன். இதில் இரண்டு டிகிரி தவறினால் அதற்குப் பிறகு நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு எண்ணிலும் அந்த இரண்டு டிகிரி ஒளிந்திருக்கும்.

ஒன்று மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். ஸ்டாப் மாட்டியிருக்கும்போது யாரும் ஸ்டார்ட்டர் பக்கம் போகக் கூடாது. பேட்டரி ஒயரையே கழற்றி வைத்துவிடுங்கள். முட்டும் இடத்தில் ஸ்பேனரை அழுத்தவும் வேண்டாம், தொட்டதும் நிறுத்துங்கள். ஹெட் கழற்றிய நிலையில் இருந்தால் இன்னும் சுலபம், பிளாக்கின் மேல் ஒரு கனமான பட்டையைக் குறுக்கே போட்டு போல்ட் செய்தால் அதுவே ஸ்டாப்.

கேள்வி: டிடிசி பிடித்தாகிவிட்டது. அப்புறம் கேமை எப்படி அளப்பது? ஒருவர் மையம் பார் என்கிறார், இன்னொருவர் திறக்கிற இடம் மூடுகிற இடம் பார் என்கிறார். – மதுரை வாசகர்

இரண்டும் சரிதான், ஆனால் இரண்டும் ஒன்றில்லை.

டயல் கேஜின் முனையை முதல் சிலிண்டர் இன்லெட் வால்வின் ஸ்பிரிங் தட்டு மேல் வையுங்கள். வால்வு எந்தச் சாய்வில் போகிறதோ கேஜும் அதே சாய்வில் நிற்க வேண்டும். 20 டிகிரி சாய்ந்து நின்றால், வால்வு திறக்கும் தூரமான லிஃப்ட்டை 6 சதவீதம் தப்பாகக் காட்டும். கேம் பிளாக்குக்குள் இருக்கிற புஷ்ராடு இன்ஜின் என்றால், அட்டையில் இருக்கும் அளவு கேம் லோப் மேல் உட்காரும் லிஃப்டருக்கா வால்வுக்கா என்று முதலில் பாருங்கள், லிஃப்டருக்கு என்றால் அங்கேதான் அளக்க வேண்டும். ஹைட்ராலிக் லிஃப்டர் அமுங்கி அளவைக் கெடுக்கும், அளக்கும்போது மட்டும் திடமான லிஃப்டர் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள்.

மையம் பார்க்கும் முறை இது. வால்வு முழுசாகத் திறக்கும் இடத்தில் கேஜை ஜீரோ செய்யுங்கள். பின்னால் நன்றாகத் திருப்பிவிட்டு, ஓடும் திசையில் மெதுவாக வந்து, உச்ச லிஃப்ட்டுக்கு 1.25 மி.மீ. முன்னால் நிறுத்தி சக்கரத்தைப் படியுங்கள். நான் சொன்ன அந்த எஸ்டீமில் 77 என்று வந்தது. அப்படியே அதே திசையில் தொடர்ந்து, உச்சத்தைத் தாண்டி 1.25 மி.மீ. இறங்கிய இடத்தில் படியுங்கள். 149. கூட்டி இரண்டால் வகுத்தால் 113. இதுதான் மையம். பிஸ்டனுக்குச் சொன்ன அதே தத்துவம், உச்சியில் தேடாமல் இரண்டு தோளிலும் அளந்து நடுவை எடுப்பது.

ஆனால் இன்றைய கேம்களில் பல லோப்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதில்லை, திறக்கும் பக்கம் செங்குத்தாகவும் மூடும் பக்கம் சற்று மென்மையாகவும் இருக்கும். அப்போது மையம் ஒன்றிரண்டு டிகிரி ஏமாற்றும். அதனால் என்னுடைய வழக்கம், மையத்தை முதலில் பார்த்துவிட்டு, கடைசித் தீர்ப்பைத் திறக்கிற இடம், மூடுகிற இடத்தில் எடுப்பது. வால்வு மூடியிருக்கும்போது கேஜை ஜீரோ வைத்து, 1 மி.மீ. திறந்த இடத்தையும், மூடி வரும்போது 1 மி.மீ. மிச்சமிருக்கும் இடத்தையும் படிக்க வேண்டும். அமெரிக்க அட்டை என்றால் 1 மி.மீ.க்குப் பதில் 0.050 அங்குலம், அதாவது 1.27 மி.மீ. அட்டையில் எந்த லிஃப்ட்டில் அளந்தது என்று எழுதியிருக்கும், அதே லிஃப்ட்டில் அளக்காவிட்டால் ஒப்பிடவே முடியாது. டாப்பெட் கிளியரன்ஸ் (வால்வு மூடியிருக்கும்போது விடுகிற சிறு இடைவெளி) எவ்வளவு வைத்து அளந்தார்கள் என்பதும் அப்படித்தான்.

ஈரோடு தம்பிக்குச் சொன்ன அந்த எஸ்டீம் கேமையே எடுத்துக்கொள்வோம். அட்டைப்படி இன்லெட் டிடிசிக்கு 16 டிகிரி முன்னால் திறந்து, கீழ் மையமான பிடிசிக்கு 54 டிகிரி பின்னால் மூட வேண்டும். 16, நடுவில் 180, அப்புறம் 54, மொத்தம் 250 டிகிரி. பாதி 125, அதில் 16 போனால் 109. அட்டையில் சொன்ன மையமும் அதேதான். சக்கரத்தில் எனக்கு வந்தது 12க்குத் திறப்பு, 58க்கு மூடல். மொத்தம் அதே 250, ஆக லோப் சரியாகத்தான் அரைக்கப்பட்டிருக்கிறது, நிற்கும் இடம்தான் நாலு டிகிரி பின்னால். மொத்தமே மாறியிருந்தால் அது வேறு நோய், டைமிங்கை நகர்த்தித் தீராது, அரைத்தவரிடம்தான் திரும்ப எடுத்துப் போக வேண்டும்.

முதல் சிலிண்டரோடு நிறுத்த வேண்டாம். மறு அரைப்பு கேம் என்றால் நாலு சிலிண்டரையும் பாருங்கள். கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

கேள்வி: ஒரே இடத்தை இரண்டு முறை அளந்தால் இரண்டு எண் வருகிறது. மூன்று டிகிரி வரை வித்தியாசம். கேஜ் கெட்டதா? – விருதுநகர் வாசகர்

கேஜ் இல்லை. நீங்கள் தாண்டிப் போனதும் அப்படியே பின்னால் திருப்பி அந்த இடத்தைப் பிடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பின்னால் திருப்பினால் செயினின் தளர்வு மறுபக்கம் போய்விடும், கேம் நகராமல் கிராங்க் மட்டும் இரண்டு மூன்று டிகிரி சுற்றும். எப்போதும் இன்ஜின் ஓடும் திசையிலேயே வந்து நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் கால் சுற்று பின்னால் போய் திரும்ப முன்னோக்கி வர வேண்டும். பிஸ்டன் ஸ்டாப் முட்டுவதற்கு மட்டும்தான் இரண்டு திசையும்.

கேள்வி: அட்வான்ஸ் நல்லதா, ரிடார்ட் நல்லதா? எத்தனை டிகிரி வைக்கலாம்? – கூடலூர் வாசகர்

முதலில் அட்டையில் சொன்ன இடத்தில் வையுங்கள். அரைத்தவர் ஏதோ யோசித்துத்தான் அந்த எண்ணைக் கொடுத்திருப்பார். அங்கே ஓட்டிப் பார்க்காமல் நகர்த்துவது எனக்குப் பிடிக்காது.

நகர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே ஒரு இடத்தைக் கவனித்தால் போதும், இன்லெட் மூடுகிற இடம். இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டின் திறப்பு, மூடல் என்ற நாலு இடங்களில் இன்ஜினின் குணத்தை அதிகம் தீர்மானிப்பது அதுதான். அட்வான்ஸ் செய்தால் மையத்தின் எண் குறையும், 109 என்பது 105 ஆகும், இன்லெட் சீக்கிரம் மூடும். பிஸ்டன் மேலே ஏறும்போது உள்ளே வந்த காற்றைத் திரும்ப மானிஃபோல்டுக்குத் தள்ளுவது குறையும், கீழ் ஆர்பிஎம்மில் இழுவை கூடும். கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தால் அளவு ஏறியிருப்பது தெரியும். மேலே போகப் போக மூச்சு முட்டும். ரிடார்ட் செய்தால் இதெல்லாம் தலைகீழ். உங்கள் ஊரில் நாளெல்லாம் மலைப்பாதை, ஓட்டுவது இரண்டாவது மூன்றாவது கியரில். உங்களுக்கு இரண்டு டிகிரி அட்வான்ஸ் உதவும், நாலு வரை முயலலாம், அதற்கு மேல் போனால் பெட்ரோலில் நாக்கிங் சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். புதுச் செயின் ஓடி நீளும்போது கேம் தானாகவே கொஞ்சம் ரிடார்ட் ஆகும், அதற்காகவே செயின் இன்ஜின்களில் நான் ஒரு டிகிரி முன்னால் வைத்து மூடுவேன்.

அரை டிகிரிக்காக ராத்திரி முழுக்க உட்காராதீர்கள். ஒரு டிகிரிக்குள் வந்துவிட்டால் போதும், ஓடும்போது பெல்ட்டே கொஞ்சம் ஆடும்.

கேள்வி: அண்ணா, அப்பா காலத்து அம்பாசடர், 1489 சிசி. டயல் கேஜ், சக்கரம் எதுவும் எங்கள் ஊரில் கிடைக்காது. டைமிங் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? – காரைக்குடி வாசகர்

உண்டு தம்பி. இது பழைய புஷ்ராடு இன்ஜின் கட்டுகிறவர்கள் கைவழியாக வந்த முறை. டாப்பெட் மூடியைக் கழற்றுங்கள். முதல் சிலிண்டரில் எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டும் இன்லெட் திறந்துகொண்டும் இருக்கிற ஓவர்லேப் டிடிசிக்கு கிராங்கைக் கொண்டுவாருங்கள், இங்கேயும் டிடிசியை ஸ்டாப் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் இரண்டு வால்வும் கொஞ்சம் கொஞ்சம் திறந்திருக்கும். இரண்டு லோப்பும் ஒரே வடிவம், இரண்டு கிளியரன்ஸும் சமம் என்றால், இரண்டும் ஒரே அளவு திறந்திருந்தால் கேம் நேராக நிற்கிறது. இன்லெட் அதிகம் திறந்திருந்தால் அட்வான்ஸ். எக்ஸாஸ்ட் அதிகம் என்றால் ரிடார்ட், பழைய வண்டியில் செயின் நீண்டு போயிருப்பதால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். வால்வு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வெர்னியர் காலிப்பரின் ஆழம் பார்க்கும் முனையால் அளக்கலாம். சக்கரம் வைத்து அளந்ததுபோல் டிகிரி எண் கிடைக்காது, ஆனால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது சந்தேகமில்லாமல் தெரியும்.

செயினை மாற்றிய பிறகும் சாய்ந்திருந்தால் கேம் சக்கரத்துக்கு ஆஃப்செட் சாவி (மேல் பாதி சற்றுத் தள்ளி இருக்கும் சாவி) போட்டு நகர்த்தலாம். சாவியை எந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டால் முன்னால் போகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக் குழம்ப வேண்டாம். ஒரு பக்கம் போட்டு அளந்து பாருங்கள், தப்பான பக்கம் போயிருந்தால் திருப்பிப் போடுங்கள். சாவி பள்ளத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும், அசைந்தால் வெட்டுப்பட்டுப் போகும்.

கேள்வி: ஸ்ப்ளெண்டரில் கேமைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வைக்க உதவும் வெர்னியர் ஸ்ப்ராக்கெட் கிடைக்கவில்லை. துளையை நீளமாக்கினால் தப்பா? – நாகர்கோவில் வாசகர்

தப்பில்லை, பலரும் செய்வதுதான். எவ்வளவு என்பதில்தான் கவனம். கிராங்கில் நாலு டிகிரி என்றால் கேமில் இரண்டு, மையத்திலிருந்து 12 மி.மீ. தள்ளி போல்ட் துளை இருந்தால் 0.4 மி.மீ. நகர்ந்தாலே போதும். ஊசி அரத்தில் நாலு இழுப்பு. ஆனால் துளை நீளமானதும் ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்து வைப்பது போல்ட்டின் இறுக்கம் மட்டும்தான். மரையை எண்ணெய் இல்லாமல் துடைத்து, மரைப் பசை போட்டு, டார்க் ரென்ச்சில் இறுக்குங்கள். கையளவில் இறுக்கிவிட்டு ஓட்டினால் ஒருநாள் கழன்று வால்வு பிஸ்டனில் இறங்கும்.

கேள்வி: அண்ணா, நாங்கள் கல்லூரி ஃபார்முலா கார் அணி, 373 சிசி ஒற்றை சிலிண்டர் டிஓஹெச்சி இன்ஜின். எக்ஸாஸ்ட் கேம் அளவு ஒவ்வொரு முறையும் விசித்திரமாக வருகிறது, மூடும் நேரத்தில் வால்வு திரும்பத் துளி திறக்கிறது. இரண்டு கேமும் தனித்தனி என்பதால் லோப் இடைவெளியையும் மாற்றலாமா? – கோவை மாணவி

நல்ல கண் அம்மா உனக்கு. பல ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களில் ஸ்டார்ட் செய்யும்போது சுமை குறைய எக்ஸாஸ்ட் கேமில் டிகம்ப்ரஷன் அமைப்பு ஒன்று இருக்கும், மெதுவாகச் சுற்றும்போது மட்டும் வால்வைத் துளி தூக்கும், வேகம் வந்ததும் ஒதுங்கிவிடும். நீ கையால் சுற்றுவதால் அது வேலை செய்கிறது. அளக்கும்போது அதை ஓடும் நிலையில் ஒதுக்கிப் பிடித்துவைத்துவிட்டு அள.

லோப் இடைவெளி, அதாவது இன்லெட் மையத்துக்கும் எக்ஸாஸ்ட் மையத்துக்கும் நடுவே கேம் கணக்கில் உள்ள கோணம், மாற்றலாம். ஒரே கேமில் இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் இருந்தால் அது அரைக்கும்போதே முடிவாகிவிட்டது, உங்களுக்கு அந்தச் சுதந்திரம் இருக்கிறது. இன்லெட் மையம் 108, எக்ஸாஸ்ட் மையம் 112 என்றால், கூட்டிப் பாதியாக்கினால் இடைவெளி 110. குறைத்தால் ஓவர்லேப் கூடும், நடு ஆர்பிஎம்மில் இழுவை வரும், ஐடில் கெடும். போட்டி விதிப்படி ரெஸ்ட்ரிக்டர் வைத்து மூச்சைக் குறைத்து ஓட்டுகிறீர்கள் என்பதால் பெரிய ஓவர்லேப்பை நான் முதலில் முயல மாட்டேன். ஒரு கேமை மட்டும் இரண்டு டிகிரி நகர்த்து, சக்தியை அளக்கும் டைனோவில் ஓட்டு, எழுதிவை, அப்புறம் அடுத்தது. இரண்டையும் ஒரே நாளில் நகர்த்தினால் எது எதைச் செய்தது என்று தெரியாது.

எதை நகர்த்தினாலும் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியை மறுபடி பார்க்காமல் மூடாதே. இன்லெட்டை அட்வான்ஸ் செய்தால் இன்லெட் வால்வு பிஸ்டனுக்கு நெருங்கும், எக்ஸாஸ்ட்டை ரிடார்ட் செய்தால் எக்ஸாஸ்ட் வால்வு நெருங்கும். நாலு டிகிரிக்கு அரை மி.மீ. வரை போகலாம். மிக நெருங்கும் இடம் டிடிசியில் இல்லை, எக்ஸாஸ்ட்டுக்கு அதற்குப் பத்து டிகிரி சுமார் முன்னால், இன்லெட்டுக்குப் பத்து டிகிரி சுமார் பின்னால். அந்த இடங்களில் மென்மையான ஸ்பிரிங் மாட்டிய வால்வை விரலால் அழுத்தி, பிஸ்டனைத் தொடும் வரை எவ்வளவு போகிறது என்று டயல் கேஜில் பார். இன்லெட்டுக்கு 2 மி.மீ., அதிகம் சூடாகி நீளும் எக்ஸாஸ்ட்டுக்கு 2.5 மி.மீ. என்பது பொதுவாக எல்லோரும் வைக்கும் குறைந்தபட்சம். குழந்தைகள் விளையாடும் களியைப் பிஸ்டன் மேல் வைத்து அழுத்திப் பார்க்கும் பழைய முறையும் நல்லதுதான், வால்வு ஓரமாகப் பிஸ்டன் பள்ளத்தில் உரசுகிறதா என்பதை அதுதான் காட்டும். வால்வில் துளி எண்ணெய் தடவினால் களி ஒட்டாது.

கேள்வி: டிகிரி எதுவும் பார்க்காமல் போன வருஷம் கட்டிய இன்ஜின் நன்றாகவே ஓடுகிறது. இதைப் படித்ததும் பயமாக இருக்கிறது, பிரிக்கட்டுமா? – தூத்துக்குடி வாசகர்

வேண்டாம். நன்றாக ஓடுகிறதை ஏன் பிரிக்க வேண்டும்? அடுத்த முறை பெல்ட் மாற்ற எப்படியும் கவரைக் கழற்றுவீர்கள், அப்போது பழைய பெல்ட் இருக்கும்போதே ஒருமுறை, புதியது மாட்டிக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டு ஒருமுறை, அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டிடிசி ஸ்டாப் எண்கள், இன்லெட் திறப்பு, மூடல், எக்ஸாஸ்ட் திறப்பு, மூடல், எந்த லிஃப்ட்டில் அளந்தது, தேதி. அந்தத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டியின் ஆர்சி புத்தகத்தோடு வையுங்கள். ஒரு நகல் எனக்கும் அனுப்புங்கள், நம் வாசகர்கள் அளந்த எண்களை இன்ஜின் வாரியாகச் சேர்த்து வருகிற இதழ்களில் போடலாம் என்று இருக்கிறேன்.